காது கொடுத்துக் கேட்ட வைத்தியர் றெனே லெனெக்

வைத்தியர் ஒருவரைப் படமாக வரையச் சொன்னால் சிறு பிள்ளைகூட அவர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பைத் தொங்கவிட மறப்பதில்லை. வைத்தியசாலை, அம்புலன்ஸ் வண்டி, தோட்டத்து டிஸ்பென்சரி என எங்கு சென்றாலும் அந்தக் கருவியைக் காண்கின்றோம். ஆனால் அதைக் கண்டுபிடித்தவர் யார், எந்தத் தேவையால் அது உருவானது என்பதைப் பலரும் அறிந்திருப்பதில்லை. ஒரு பெண் நோயாளியின் நாணத்தை ஒரு வைத்தியர் மதித்ததனால் பிறந்த கருவி அது. அதை உலகுக்குத் தந்தவர் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த றெனே லெனெக். அவருடைய வாழ்க்கையையும், அவர் தந்த கருவியை இன்று அவசர சிகிச்சைப் பணியில் இருப்போர் எவ்வாறு தெரிவுசெய்து பேண வேண்டும் என்பதையும் இக்கட்டுரை கூற முனைகின்றது.

லெனெக் 1781ஆம் ஆண்டு பெப்ரவரி 17ஆம் திகதி, பிரான்சின் மேற்குக் கரையிலுள்ள பிரிட்டனிப் பிரதேசத்தில் கெம்பேர் என்னும் ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். தாயின் உயிரைப் பறித்தது காசநோய் என்றே கூறப்படுகின்றது. தந்தை சட்டம் படித்தவர். ஆயினும் பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பை அவர் ஏற்கவில்லை. ஆகவே சிறுவன் லெனெக், நாந்த் நகரில் வைத்தியராக இருந்த சிறிய தந்தை கியோம் லெனெக்கின் வீட்டில் வளர்ந்தார். தாயின் அன்பும் தந்தையின் அரவணைப்பும் கிடைக்காத அந்தப் பிள்ளைக்கு வழிகாட்டியாகவும் ஆசானாகவும் விளங்கியவர் அந்தச் சிறிய தந்தையே.

அது பிரெஞ்சுப் புரட்சி நடைபெற்ற காலம். நாந்த் நகரம் இரத்தக்களரியைக் கண்டது. காயமுற்றோரும் நோயுற்றோரும் வைத்தியசாலைகளில் நிரம்பி வழிந்தனர். அத்தகைய சூழலில், 14 வயதிலேயே லெனெக் வைத்தியக் கல்வியைத் தொடங்கினார். நம் வயதிலும் குறைந்த ஒரு சிறுவன் நோயாளிகளின் கட்டிலருகே நின்று பாடம் படித்தான் என்பதை நினைக்கையில் வியப்பு மேலிடுகின்றது. படிப்பினிடையே அவர் புல்லாங்குழல் வாசிக்கவும் கற்றுக்கொண்டார். மரத்தைக் கடைந்து பொருள்கள் செய்வதிலும் அவருக்கு விருப்பம் இருந்தது. குழலில் ஓடும் காற்றையும் மரத்தின் தன்மையையும் அறிந்த அந்தக் கைகள் பின்னாளில் என்ன செய்யப்போகின்றன என்பதை அன்று எவரும் அறிந்திருக்கவில்லை.

1801ஆம் ஆண்டு மேற்படிப்புக்காக அவர் பாரிஸ் நகருக்குச் சென்றார். அங்கு நெப்போலியனின் வைத்தியராக விளங்கிய கோர்விசாரிடம் பயின்றார். 1803இல் வைத்தியத்திலும் சத்திரசிகிச்சையிலும் முதற்பரிசுகளை வென்று, 1804இல் வைத்தியப் பட்டம் பெற்றார். கோர்விசார் தம் மாணவர்களுக்கு ஒரு முக்கியமான முறையைக் கற்பித்தார். நோயாளியின் மார்பை விரலால் தட்டி, எழும் ஒலியைக் கொண்டு உள்ளே காற்று உள்ளதா நீர் உள்ளதா என அறிவதே அம்முறை. வியன்னாவைச் சேர்ந்த அவென்புருகர் என்ற வைத்தியர் 1761ஆம் ஆண்டிலேயே இதை எழுதி வெளியிட்டிருந்தும் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. கோர்விசார் அந்நூலை 1808இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டு மீண்டும் உயிர்கொடுத்தார். உடலைத் திறந்து பார்க்க முடியாதபோது ஒலியின் மூலம் உள்ளே அறியலாம் என்ற எண்ணம் லெனெக்கின் மனத்தில் இவ்வாறே வேரூன்றியது.

1814ஆம் ஆண்டு போர்க்காலத்தில் நடந்த ஒரு செய்தி நம் மலையகத்தவரின் மனத்தைத் தொடக்கூடியது. பிரிட்டனியிலிருந்து படைக்குச் சேர்க்கப்பட்ட இளைஞர்கள் பலர் நோயுற்றும் காயமுற்றும் பாரிசில் கிடந்தனர். அவர்களிற் பலருக்குத் தம் தாய்மொழியான பிரெத்தோன் மொழியைத் தவிர வேறு மொழி தெரியாது. லெனெக் அவர்களைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்று, அவர்களுடைய மொழியிலேயே பேசிச் சிகிச்சை அளித்தார். எங்கே நோகிறது, எப்போதிருந்து நோகிறது என்பதைச் சொந்த மொழியில் சொல்ல முடியாமல் தவிப்பது என்னவென்று எமது தோட்டத்துத் தாய்மார் நன்கறிவர். கருவியால் கேட்பதற்கு முன்னரே லெனெக் மனிதரைக் காது கொடுத்துக் கேட்கக் கற்றிருந்தார்.

1816ஆம் ஆண்டு பாரிசிலுள்ள நெக்கர் வைத்தியசாலையில் அவர் பணியில் அமர்ந்தார். அவ்வாண்டில் இளம் பெண் ஒருவர் இதய நோய்க்குரிய அறிகுறிகளுடன் அவரிடம் வந்தார். அக்காலத்தில் வைத்தியர்கள் நாடி பிடித்துப் பார்ப்பர். நாடியைப் பற்றி இப்னு சீனா தம் அல்கானூன் என்ற நூலில் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே விரிவாக எழுதியிருந்தார். அதற்கு அப்பால் மார்பைத் தட்டிப் பார்ப்பர்; சிலர் தம் காதையே நோயாளியின் மார்பில் நேரடியாக வைத்துக் கேட்பர். அந்தப் பெண்ணின் உடல் பருமனாக இருந்ததால் தட்டிப் பார்த்தும் கைவைத்துப் பார்த்தும் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. காதை மார்பில் வைப்பதோ ஓர் இளம் பெண்ணிடம் செய்யத்தக்கதல்ல என்று லெனெக் கருதினார்.

இந்த இடத்தில் அவருக்கு முன் இரண்டு இலகுவான வழிகள் இருந்தன. வைத்தியர் என்ற அதிகாரத்தைக் கொண்டு அப்பெண்ணின் சங்கடத்தைப் பொருட்படுத்தாமல் காதை வைத்துக் கேட்டிருக்கலாம். அல்லது பெண் என்பதால் பரிசோதனையை அரைகுறையாக முடித்து ஏதேனும் ஒரு மருந்தைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை. மரக்கட்டையொன்றின் ஒரு முனையில் குண்டூசியால் கீறினால் மறுமுனையில் காதை வைத்திருப்பவருக்கு அது தெளிவாகக் கேட்கும் என்ற உண்மை அவர் நினைவுக்கு வந்தது. உடனே கடதாசித் தாள்களை எடுத்து இறுக்கமாகச் சுருட்டினார். ஒரு முனையை அப்பெண்ணின் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். காதை நேரடியாக வைத்துக் கேட்டபோதெல்லாம் கிடைத்ததை விடத் தெளிவாக இதய ஒலி அவருக்குக் கேட்டது. அந்தப் பெண்ணின் பெயரை வரலாறு நமக்குத் தரவில்லை. எனினும் உலகில் ஸ்டெதஸ்கோப் வைக்கப்பட்ட முதல் நோயாளி அவரே.

கடதாசிக் குழலோடு லெனெக் நின்றுவிடவில்லை. எந்தப் பொருள் ஒலியை நன்றாகக் கடத்தும் என்று பலவற்றையும் வைத்துச் சோதித்தார். கண்ணாடியும் உலோகமும் மரத்தைப்போல் பயன்தரவில்லை என்றும், நடுத்தர அடர்த்தியுள்ள பொருள்களே சிறந்தவை என்றும் கண்டார். பின்னர் தாமே கடைசல் இயந்திரத்தில் மரத்தைக் கடைந்து, சுமார் 30 சென்ரிமீற்றர் நீளமான உருளை ஒன்றைச் செய்தார். எடுத்துச் செல்ல வசதியாக அதை இரண்டு துண்டுகளாகக் கழற்றலாம். அதன் முனையில் புனல் போன்ற குழிவும் அதற்குப் பொருந்தும் ஓர் அடைப்பும் இருந்தன. அடைப்பைக் கழற்றினால் மூச்சொலியும், அடைப்பைப் பொருத்தினால் இதய ஒலியும் குரலும் நன்கு கேட்கும். முதலில் அதை உருளை என்றே அழைத்தார். பின்னர் மார்பு, நோக்குதல் ஆகிய பொருள்தரும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஸ்டெதஸ்கோப் எனப் பெயரிட்டார்.

கருவி கிடைத்ததும் உண்மையான உழைப்பு ஆரம்பமாயிற்று. கேட்கும் ஒலிக்கு என்ன பொருள் என்பதை எந்த நூலும் சொல்லவில்லை. ஆகவே அவர் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நோயாளிகளின் மார்பொலியைக் கேட்டுக் குறித்துவைத்தார். அவர்களில் இறந்தோரின் உடலைப் பரிசோதித்து, கேட்ட ஒலியையும் உள்ளே கண்ட மாற்றத்தையும் ஒப்பிட்டார். ஒவ்வொரு ஒலிக்கும் பெயரிட்டார். சளி நிறைந்த மார்பில் எழும் ஒலிக்கு அவர் இட்ட பிரெஞ்சுப் பெயர், சாகும் தறுவாயில் தொண்டையில் எழும் ஒலியையும் குறிக்கும். நோயாளி அதைக் கேட்டுப் பயந்துவிடக்கூடாது என்பதற்காக, கட்டிலருகே பேசும்போது அதற்கு ஈடான இலத்தீன் சொல்லையே அவர் பயன்படுத்தினார்.

இவ்வாராய்ச்சியின் பலனாக 1819ஆம் ஆண்டு இரண்டு பாகங்களைக் கொண்ட நூலை வெளியிட்டார். நூலோடு மரக்கருவியையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் வசதி இருந்தது. சிலர் அதை ஏளனம் செய்தனர். அக்காலத்தில் செல்வாக்கு மிக்கவராக இருந்த புருசே என்ற வைத்தியர் லெனெக்கின் கருத்துகளைக் கடுமையாக எதிர்த்தார். ஆயினும் பிறநாடுகளிலிருந்து மாணவர்கள் அவரைத் தேடிவந்தனர். ஓயாத உழைப்பினால் அவரது உடல்நலம் குன்றியது. சில காலம் பிரிட்டனியில் ஓய்வெடுத்துத் திரும்பிய பின்னர், 1822இல் கொலேஜ் டி பிரான்ஸ் என்ற உயர்கல்வி நிறுவனத்தில் பேராசிரியரானார். 1824இல் திருமணம் செய்துகொண்டார்.

ஆனால் வாழ்க்கை அவருக்கு நீண்ட அவகாசம் தரவில்லை. 1826ஆம் ஆண்டு நூலின் இரண்டாம் பதிப்பை முடித்த வேளையில் இருமலும் காய்ச்சலும் அவரை வாட்டின. வைத்தியரான உறவினர் மெரியாடெக் லெனெக், அவருடைய மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துத் தாம் கேட்ட ஒலிகளை எடுத்துச் சொன்னார். அவ்வொலிகளுக்குப் பெயரும் பொருளும் தந்தவர் லெனெக்கே அல்லவா? தம்மைப் பற்றியிருப்பது காசநோய் என்பதை அவர் புரிந்துகொண்டார். தம் வாழ்நாளெல்லாம் பிறர் மார்பில் கேட்டறிந்த நோய் இறுதியில் தம் மார்பிலேயே பேசியது. 1826 ஓகஸ்ட் 13ஆம் திகதி, தம் 45ஆவது வயதில் பிரிட்டனியில் காலமானார். தம் ஸ்டெதஸ்கோப்பை மெரியாடெக்கிற்கே விட்டுச்சென்றார். காசநோயைத் தோற்றுவிக்கும் பற்றீரியாவை றொபேட் கொக் கண்டறிந்தது 1882இல்தான். அதாவது லெனெக் இறந்து 56 ஆண்டுகளுக்குப் பின்னர்.

லெனெக்கின் மரக்குழல் ஒரு காதுக்கு மட்டுமே உரியது. 1850களின் தொடக்கத்தில் அயர்லாந்தைச் சேர்ந்த ஆதர் லியர்ட், நியூயோர்க்கைச் சேர்ந்த ஜோர்ஜ் கமன் ஆகியோர் இரு காதுகளாலும் கேட்கும் வடிவத்தை உருவாக்கினர். 1960களில் அமெரிக்க இதயநோய் வைத்தியர் டேவிட் லிட்மன் அதைப் பாரம் குறைந்ததாகவும் ஒலி தெளிவாகக் கேட்கக்கூடியதாகவும் மாற்றியமைத்தார். இன்று நாம் காண்பது இவர்கள் அனைவரின் உழைப்பும் சேர்ந்த வடிவமாகும்.

நமது நாட்டில் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வருகின்றது. 2016இல் இந்தியாவின் உதவியுடன் தொடங்கப்பட்ட சேவை இது. றொசல்ல, வட்டவளை, ஹட்டன் போன்ற இடங்களில் தேயிலை மலைகளுக்கிடையே குளவிக் கொட்டுக்கு இலக்காகும் தொழிலாளரைப் பற்றி அடிக்கடி கேள்விப்படுகின்றோம். குளவியின் விஷம் ஒவ்வாமையை ஏற்படுத்தினால் மூச்சுக்குழாய் சுருங்கி, மார்பில் விசில் போன்ற ஒலி எழும். இரத்த அழுத்தமும் விழும். இரண்டையும் அறிய உதவுவது ஸ்டெதஸ்கோப். ஒலி கேட்பது மட்டுமன்றி, கேட்காமற் போவதும் ஓர் எச்சரிக்கையே. மூச்சுவிடத் திணறுபவரின் மார்பில் விசில் ஒலி நின்றுவிட்டால், அவர் சுகமடைந்துவிட்டார் என்று எண்ணிவிடக்கூடாது. காற்றே உட்செல்லாத ஆபத்தான நிலையாகவும் அது இருக்கலாம். ஒரு பக்க மார்பில் மட்டும் மூச்சொலி இல்லையெனில், அந்தப் பக்க நுரையீரல் சுருங்கியிருக்கக்கூடும்.

ஆகையால் இத்தகைய பணிக்கு ஸ்டெதஸ்கோப்பைத் தெரிவுசெய்யும்போது லெனெக் மரத்தைத் தெரிவுசெய்த அதே கவனம் தேவை. விலை கூடியதே சிறந்தது என்று எண்ண வேண்டியதில்லை. முதலில் பார்க்க வேண்டியது காதுக் குமிழ்களை. அவை மென்மையாகவும் காதை நன்றாக அடைக்கக்கூடியனவாகவும் இருக்க வேண்டும். வண்டியின் இரைச்சலும் சைரன் ஒலியும் உட்புகுந்தால் எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் பயனில்லை. மாட்டும்போது காதுக்குழாய்கள் முன்புறமாக, மூக்கின் திசையை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். ஏனெனில் நமது காதுத் துவாரம் அந்தப் பக்கமாகவே செல்கின்றது. குழாய் தடித்ததாகவும் ஓரளவு நீளமானதாகவும் இருப்பது நல்லது. மிக நீண்ட குழாய் எதிலாவது சிக்கிக்கொள்ளும்.

மார்பில் வைக்கும் தலைப்பகுதியில் இரு பக்கங்கள் இருப்பது பயனுள்ளது. தட்டையான மென்தகடு மூச்சொலி போன்ற உயர்ந்த ஒலிகளுக்கும், மணி வடிவப் பக்கம் தாழ்ந்த இதய ஒலிகளுக்கும் ஏற்றது. லெனெக்கின் அடைப்பு செய்த வேலையை இன்று இவ்விரு பக்கங்களும் செய்கின்றன. தலைப்பகுதியைத் திருப்பி எந்தப் பக்கம் திறந்துள்ளது என்பதை விரலால் மெல்லத் தட்டிப் பார்த்த பின்னரே நோயாளியின் மார்பில் வைக்க வேண்டும். இல்லையெனில் கருவியின் மௌனத்தை நோயாளியின் மௌனமாக எண்ணிவிட நேரிடும். கைக்குழந்தைகளுக்குச் சிறிய தலைப்பகுதி வேண்டும். மாற்றுக் குமிழும் தகடும் நம் நாட்டுக் கடைகளில் கிடைக்குமா என்பதையும் வாங்கும்போதே விசாரிப்பது நன்று. பல்கலைக்கழகம் செல்லும் மகளுக்கோ தாதியர் பயிற்சிக்குச் செல்லும் மகளுக்கோ வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், தாமே அதை மாட்டிக் கேட்குமாறு பிள்ளையிடம் சொல்லுங்கள். ஒருவர் காதுக்குப் பொருந்துவது மற்றவர் காதுக்குப் பொருந்தாது.

பேணுவதில் முதலாவது சுத்தம். ஜெனீவாவில் நடந்து 2014இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், பரிசோதனைக்குப் பின் ஸ்டெதஸ்கோப்பின் தகட்டில், வைத்தியரின் விரல் நுனிகளைத் தவிர்ந்த கையின் ஏனைய பகுதிகளை விட அதிகமான பற்றீரியாக்கள் காணப்பட்டன. கையைக் கழுவிவிட்டு ஸ்டெதஸ்கோப்பைத் துடைக்காமல் விடுவது பாதிச் சுத்தமே. ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னும் பின்னும் 70 வீத அல்ககோலில் நனைத்த பஞ்சினால் தகட்டையும் குழாயையும் துடைக்க வேண்டும். நீரில் ஊறவைப்பதோ கொதிநீரில் இடுவதோ கூடாது. காதுக் குமிழ்களைக் கழற்றி, அடைந்திருக்கும் காதழுக்கை அகற்ற வேண்டும். குழாயில் வெடிப்பு உண்டா, தகடு தளர்ந்துள்ளதா என்பதையும் இடைக்கிடையே பார்க்க வேண்டும்.

வெறும் கழுத்தில் எந்நேரமும் தொங்கவிட்டால் தோலின் எண்ணெயும் வியர்வையும் பட்டு நாளடைவில் குழாய் விறைத்துப்போகும். பர்தா அணியும் நம் சகோதரிகளுக்கு இதில் ஒரு நன்மை உண்டு. குழாய் துணியின்மேல் கிடப்பதால் தோலில் படாது. ஆனால் காதுக்கும் குமிழுக்கும் இடையில் துணி வந்தால் ஒலி மங்கும். ஆகவே குமிழ் நேரே காதினுள் செல்லும்படி துணியைச் சரிசெய்துகொள்ள வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டியின் முன்கண்ணாடி அருகே வைப்பதும், பாரமான பொருள்களுக்கு அடியில் மடித்து வைப்பதும் குழாயைக் கெடுக்கும். மலைநாட்டுக் குளிரில் தகடு பனிக்கட்டி போல் இருக்கும். நோயாளியின் மேல் வைக்குமுன் உள்ளங்கையில் வைத்துச் சிறிது சூடாக்குவது கருவியைப் பேணுவதல்ல, மனிதரைப் பேணுவது.

துணியின் மேல் வைத்துக் கேட்டால் உரசும் ஒலி கலந்துவிடும். எனினும் அதற்காக நோயாளியின் மேலாடையை முழுவதும் களைய வேண்டிய அவசியமில்லை. ஆடைக்குள் தகட்டை மெதுவாக நகர்த்தி, தேவையான இடத்தில் மட்டும் வைத்துக் கேட்கலாம். லெனெக் கண்டுபிடித்த கருவியின் நோக்கமே இதுதானே!

நமது சமூகத்திலும் தோட்டங்களிலும் எத்தனையோ தாய்மார் மார்பு வலியையும் மூச்சுத் திணறலையும் வெட்கத்தினால் மறைத்துவிடுகின்றனர். வைத்தியர் ஆணாக இருப்பாரே என்று தயங்கி நாட்களைக் கடத்துகின்றனர். நம் மார்க்கம் நாணத்தைப் போற்றுகின்றது; உயிரைக் காப்பதையும் அதே அளவு வலியுறுத்துகின்றது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு ஸ்டெதஸ்கோப்பே சாட்சி. நாணத்தைக் காரணம் காட்டிச் சிகிச்சையை விடவும் இல்லை, சிகிச்சையைக் காரணம் காட்டி நாணத்தைக் கைவிடவும் இல்லை. இரண்டுக்கும் இடமளிக்கும் வழியொன்றைத் தேடினார் லெனெக். கிடைத்ததோ உலகமே பயன்பெறும் கருவி.

ஆகவே தாய்மாரே, வலியை மறைக்காதீர்கள். பெற்றோரே, அம்புலன்ஸ் பணிக்கோ வைத்தியத் துறைக்கோ செல்ல விரும்பும் உங்கள் மகளைத் தடுக்காதீர்கள். நள்ளிரவில் லயன் அறையொன்றில் மூச்சுக்குத் திணறும் ஒரு தாயின் அருகே, அவளது மொழியில் பேசி, அவளது நாணத்தை மதித்து, காது கொடுத்துக் கேட்க ஒரு பெண் இருப்பாளானால் அந்தத் தாய்க்கு அதைவிடப் பெரிய ஆறுதல் வேறென்ன? அத்தகைய பெண்கள் நம் கல்லூரி மாணவியரிலிருந்தும் உருவாக எல்லாம் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக.